வேலன் கேளாத வினா

பேயைப் படம் பிடித்துவிட்டோம் என்று பறைசாற்றிக்கொண்டு வரும் படங்கள் இக்காலத்திற் பலவாகிவிட்டன. முன்னாளிற் பேயைப் பார்க்க விரும்பியவன் சுடலைக்குப் போகவேண்டும். இந்நாளிற் கைப்பேசியைத் திறந்தாற் போதும். பதுளை நகரிலும், அதனைச் சூழ்ந்த பசறை, ஹாலி-எல, தெமோதரைத் தோட்டங்களிலும் பிள்ளைகள் இரவில் இப்படங்களைப் பார்த்துவிட்டு, மறுநாள் வகுப்பிலே, "ஐயா, அது மெய்தானா?" என்று வினவுகின்றார்கள். புணரியல் படிக்கும்போது அவர்கள் முகத்தில் இத்துணை ஆவலை நான் கண்டதில்லை.

விடை கூறுதல் எளிது. உண்டு என்பார்க்கும் இல்லை என்பார்க்கும் ஆளுக்கொரு விடை ஆயத்தமாக இருக்கின்றது. எனக்கோ அவ்வினாவின் மேலேயே ஐயம்.

இவ்வகைப் படங்களுட் பெயர் பெற்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். வில்லியம் பிரீட்கின் என்பவர் அமெரிக்க நெறியாளர். 1949ஆம் ஆண்டில் மேரிலாந்துச் சிறுவன் ஒருவனுக்குப் பேயோட்டிய செய்தியைத் தழுவிப் பிளாற்றி என்பவர் 1971இல் ஒரு நாவல் எழுதினார். அந்நாவலை 1973இற் படமாக்கி உலகத்தை நடுங்க வைத்தவர் இவர். ஆயினும் மெய்யான பேயோட்டு ஒன்றை அவர் அதுவரை கண்டதில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேற் கழிந்து, 2016ஆம் ஆண்டு மே மாதத்தில், உரோமாபுரியில் அந்த வாய்ப்பு வந்தது. கபிரியேலே அமோர்த் என்னும் முதிய பாதிரியார் அந்நகரத்து மறைமாவட்டத்தின் பேயோட்டுக் குரு. அப்போது அவருக்கு வயது 91. இத்தாலியப் பெண் ஒருத்திக்கு ஒன்பதாம் முறையாக அவர் மந்திரிக்கும்போது, உடன் ஆள் இன்றி, விளக்கு இன்றி, சிறிய கருவி ஒன்றோடு பிரீட்கின் தனியே நின்று படம் பிடித்தார். அவ்வாண்டு செப்டெம்பரிற் பாதிரியார் காலமானார். படம் 2017இல் வெனிசு விழாவிற் காட்டப்பட்டது.

படத்தின் நடுவிடம் அப்பெண்ணின் குரல். உறவினர் இருபுறமும் பிடித்திருக்க, அவள் நாற்காலியில் இருந்து உறுமுகின்றாள், கதறுகின்றாள். அக்காட்சியை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்று மூளை அறுவை மருத்துவரிடமும் மனநோய் மருத்துவரிடமும் பிரீட்கின் காட்டினார். முன்னவருட் சிலர் தமக்கு இது விளங்கவில்லை என்றனர். பின்னவர், இத்தகைய நிலைக்குத் தம் நூலில் ஒரு பெயர் உண்டு என்றும், நோயாளியின் நம்பிக்கையும் சூழலுமே அந்நிலைக்கு உருவம் கொடுப்பன என்றும் கூறினர். படத்தைப் பார்த்த திறனாய்வாளர் பலருக்கு வேறோர் ஐயம்: அக்குரல் பின்னர் ஒலிக்கூடத்தில் மெருகு பெற்றதோ என்று. மிக அஞ்சத்தக்கதாக அவர் கூறும் இறுதி நிகழ்ச்சியோ படத்தில் இல்லை. அலாத்திரி என்னும் ஊர்க் கோயிலிலே நடந்தது என்று வாயாற் சொல்கின்றார், அவ்வளவே. கருவி கையில் இருந்தபோது பேய் அடக்கமாக இருந்தது. கருவி இல்லாத இடத்தில் ஆடித் தீர்த்தது. இது எந்த நாட்டுப் பேய்க்கும் உரிய இயல்புதான்.

குரல் எவ்வளவு பெரிய சான்று என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழங்கதை உண்டு. கண்டி இராச்சியத்திற் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்து தப்பிய இரபேட் நொக்சு என்னும் ஆங்கிலேயர், 1681இல் வெளிவந்த தம் நூலிலே, இரவிற் பேய் கூவுவதைத் தாமே கேட்டதாக உறுதிபடக் கூறுகின்றார். நாய் குரைப்பது போன்ற கூரிய ஓசை. ஓரிடத்திற் கேட்ட மறுகணம் வேறோரிடத்தில் எழும் என்பது அவர் கூற்று. சிங்கள மக்கள் அதனை உலமா என்பர். அது காட்டுப் பேராந்தை ஒன்றின் குரலே என்று பறவை நூலார் பலர் இன்று கொள்கின்றனர். ஆனால், உலமாவைப் பற்றிச் சிங்களவர் வழங்கும் கதை யாது? ஐயங்கொண்ட கணவன் ஒருவன் குழந்தையைக் கொன்று கறியாக்கி மனைவிக்கு இடுகின்றான். கறியில் விரல் ஒன்றைக் கண்ட தாய் அலறிக்கொண்டு காட்டுக்குள் ஓடிப் பறவையாகின்றாள். குரல் எதனுடையது என்று ஆராய்ந்தவர் ஆந்தையைக் கண்டனர். கதை கட்டியவர் அதே குரலில் ஒரு பெண்ணின் அழுகையைக் கேட்டனர். இவ்விருவருள் யார் ஆழமாகக் கேட்டார் என்பதை நான் எளிதிற் சொல்லமாட்டேன்.

கருவி மட்டும் போதாது என்பதற்கு இன்னுங் கொடிய சான்று ஜேர்மனியிலே உண்டு. பவேரியாவைச் சேர்ந்த அன்னலீசு மிக்கேல் என்னும் மாணவி வலிப்பு நோய்க்கு மருந்துண்டு வந்தவள். பேய் பற்றியது என்று துணிந்து, 1975 செப்டெம்பர் முதல் 67 முறை அவளுக்குப் பேயோட்டினர். நாற்பதுக்கு மேற்பட்ட ஒலிநாடாக்களில் அவளுடைய அலறலைப் பதிந்தும் வைத்தனர். 1976 யூலை 1ஆம் நாள், 23 வயதில், ஏறத்தாழ 31 கிலோ எடையோடு, உணவும் நீரும் இன்றி வற்றி அவள் இறந்தாள். 1978இல் நீதிமன்றம் பெற்றோரையும் பாதிரியார் இருவரையும் குற்றவாளிகள் எனக் கண்டது. ஒரு சொல்லும் தவறாமற் பதிந்த அக்கருவி, பேய் தன் பெயரைச் சொல்வதற்காகக் காத்திருந்தது. பசித்திருந்தவளின் பசி அதற்குக் கேட்கவில்லை.

இனி நம் மலைக்கு வருவோம்.

ஊவாவின் தோட்டங்களுக்கு ஆட்களை அழைத்து வந்த கங்காணிமார் ஆட்களை மட்டும் அழைத்து வந்தார்களில்லை. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரத்து ஊர்களிலிருந்து மாரியும் காளியும் மாடசாமியும் முனியாண்டியும் கூடவே நடந்து வந்தார்கள். வந்த இடத்திற் புதிய தெய்வங்களும் பிறந்தன. தேயிலைத் தொழிற்சாலையின் பெருஞ் சக்கரத்தைக் காக்கும் ரோதை முனி அவற்றுள் ஒருவர். ரோதை என்பது சக்கரத்தைக் குறிக்கும் போர்த்துக்கீசச் சொல்லின் வழி வந்தது, முனி நம்முடையவர். கவ்வாத்து வெட்டுங் காலத்திற் பூசை பெறும் கவ்வாத்துச் சாமியும் இம்மலைக்கே உரியவர். தெய்வம் வந்த இடத்துக்குப் பேயும் வந்தது. அகாலத்தில் மாண்டவர், நான்று மாண்டவர், பிள்ளைப்பேற்றில் மாண்டவர் ஆவியாய் அலைந்து, உச்சிப் பொழுதில் ஓடைக்கரையில் தனித்துப் போகும் பெண்ணைப் பற்றிக்கொள்வர் என்பது லயத்து நம்பிக்கை.

அப்போது அழைக்கப்படுபவர் கோடாங்கி. உடுக்கை முழங்கும்; வேப்பிலையும் திருநீறும் எலுமிச்சையும் வரும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவின் வாயிலில் லயமே கூடிவிடும். கோடாங்கி கேட்கும் கேள்விகள் தலைமுறை தலைமுறையாக மாறாதவை: "நீ யாரு? எந்த ஊரு? எதுக்கு இந்தப் புள்ளையப் புடிச்ச? என்னா வேணும் ஒனக்கு?"

இக்கேள்விகளைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். மெய்யா பொய்யா என்னும் வினா இவற்றுள் இல்லை. பெயர், ஊர், காரணம், வேண்டுதல் ஆகிய நான்குமே உள. எல்லா நாளும் வாய் திறவாத மருமகள் ஒருத்திக்கு, எல்லாருங் கூடியிருந்து கேட்க, 'உனக்கு என்ன வேண்டும்' என்று ஒருவர் உரக்க வினவுகின்ற நேரம் அஃது ஒன்றே. கேள்வி நல்ல கேள்விதான். யாரை நோக்கிக் கேட்கப்படுகின்றது என்பதிலேதான் கோளாறு. அவளை விட்டு, அவளுக்குள் இருப்பதாகக் கொள்ளும் மற்றொருவரை நோக்கியன்றோ கேட்கப்படுகின்றது!

இக்கோளாற்றைத் தமிழர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கண்டுகொண்டனர். அகப்பொருளில் வெறியாட்டு என்பது ஒரு துறை. குறிஞ்சி நிலத்துப் பெண்ணொருத்தி மெலிகின்றாள், வளை கழல்கின்றது, உறக்கம் இல்லை. தாய் அஞ்சிக் குறி கேட்கின்றாள். கட்டுவிச்சி நெல்லைப் பரப்பிப் பார்க்க, வேலன் கழங்கை உருட்டிப் பார்க்க, 'முருகு அணங்கிற்று' என்று முடிவாகின்றது. களம் இழைத்து, மறியை அறுத்து, குருதி கலந்த தினையைத் தூவி, வேலன் வெறியாடுகின்றான். நோயோ முருகனால் வந்ததன்று. மலைநாடன் ஒருவன் மேற்கொண்ட காதலால் வந்தது. அதனை அறிந்தவள் தோழி ஒருத்தியே.

புலவர்கள் இவ்விடத்தில் வேலனை எத்துணை நகையாடுகின்றனர்! குறுந்தொகையில் ஒரு தோழி, 'நீ இடும் பலியை, இந்நோய் தந்தவனாகிய தலைவனின் மார்பும் உண்ணுமோ?' என்னும் கருத்துப்பட வேலனையே மடக்குகின்றாள். நற்றிணையில் மற்றொருத்தி முருகனையே பேதை என்கின்றாள். காரணம் தன்னால் அன்று என அறிந்திருந்தும், அழைத்தவுடன் வந்து நின்றானாம். ஆயினும் இத்துறையிலே தலைசிறந்தவர் ஒருவர் உளர். வெறியைப் பாடியமையாலேயே வெறிபாடிய காமக்கண்ணியார் எனப் பெயர் பெற்றவர். அகநானூற்றில் அவர் காட்டும் தலைவி வெறியாட்டு நடந்த இரவிலேயே நலம் பெறுகின்றாள். அன்றிரவு தலைவன் ஒளித்து வந்தமையே காரணம். ஊரார் வேலனை நம்பி நிற்க, அவள் தன்னுள் நகைத்துக்கொள்கின்றாள். மந்திரித்தபின் நோய் தீர்ந்தது என்பதனால் மந்திரத்தாலேயே தீர்ந்தது என்று ஆகாது என்பதை, மருத்துவ ஆராய்ச்சியாளர் இக்காலத்திற் பலவாறு விரித்துரைக்கின்றனர். அப்புலவருக்கு ஒரு சிரிப்புப் போதியதாயிற்று.

தோழி நகைப்பதோடு நிற்பதில்லை. காலம் வரும்போது செவிலியிடம் உண்மையைச் சொல்கின்றாள். அதற்கு இலக்கணம் இட்ட பெயர் அறத்தொடு நிற்றல். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளும் அவ்வொரு கூற்றே. நோய்க்குக் காரணம் தேடித் தெய்வங்களை வணங்கிக் களைத்த தாயிடம், நடந்தது இதுவென்று அஞ்சாமற் சொல்லும் அப்பெண்ணே நான் அறிந்த முதல் ஆய்வாளர். தமிழறியாத ஆரிய அரசன் பிரகத்தத்தனுக்குத் தமிழின் இயல்பு காட்டப் பாடியது அது என்பர். கபிலர் அதற்குத் தேர்ந்த பொருளும் இதுவாயிற்று.

அவ்வேலனின் முருகன் கதிர்காமத்திற் கோயில் கொண்டிருப்பது நம் ஊவாவிலேயே. பதுளை நகரின் நடுவிலும் கதிர்காம தேவாலயம் உண்டு. ஆகவே இது ஏட்டுச் செய்தி மட்டுமன்று.

வேலனை இவ்வளவு சொல்லியபின் நடுவுநிலைமை பிறழாது மற்றொரு பக்கமும் சொல்லவேண்டும். சிங்கள அயலாரின் தொவிலை அறிந்தோர் அதனை வெறும் மூடச் செயல் என்று தள்ளார். அவர்களுக்குப் பதினெண் சன்னி யக்கர் உளர். ஒவ்வொருவருக்கும் ஒரு நோய், ஒவ்வொருவருக்கும் ஒரு முகமூடி. நம் சன்னியும் அவர்களுடைய சன்னியும் ஒரே வடசொல்லின் பிள்ளைகள். புரூசு கப்பெரர் என்னும் மானிடவியலாளர் தென்னிலங்கையிற் பல தொவில்களை இருந்து பார்த்து 1983இல் ஒரு பெருநூல் எழுதினார். நள்ளிரவுவரை அச்சமாக வளரும் சடங்கு, விடியுமுன் நகைச்சுவையாக மாறிவிடுதலை அவர் எடுத்துக்காட்டுகின்றார். பெரும் பேயும் விடிகாலையிற் கோமாளியாகின்றது, பார்ப்பவர் சிரிக்கின்றனர், இறுதியில் நோயாளியும் சிரிக்கின்றாள். தனித்து ஒதுங்கிக் கிடந்தவள் மீண்டும் ஊராரோடு ஒருத்தியாகின்றாள். ஓர் இரவு முழுவதும் ஊரே ஒரு நோயாளிக்காகக் கண்விழித்திருக்கும் வைத்தியசாலை எங்குண்டு?

ஆனால் எல்லாப் பேயோட்டும் சிரிப்பில் முடிவதில்லை. இசபெல் நபோகோவ் என்னும் ஆய்வாளர் தமிழ்நாட்டிற் செஞ்சிப் பக்கத்துப் பேயோட்டுச் சடங்குகளை ஆராய்ந்து 2000இல் நூல் வெளியிட்டார். பேய் பிடித்தோருட் பெரும்பாலார் புதிதாக மணமாகிக் கணவன் வீட்டில் ஒட்டாத இளம்பெண்கள் என்றும், பிடித்த பேய் பெரும்பாலும் காதல் நிறைவேறாது தற்கொலை செய்துகொண்ட ஆடவன் என்றும் அவர் கண்டார். ஓட்டப்படுவது அக்காதலன்; மீட்கப்படுவது மனைவி. அப்பெண் சொல்ல வந்தது யாது என்பதைக் கேட்பதற்கு மாறாக, சொல்லவேண்டியதை அவள் வாயில் வைத்துச் சடங்கு சொல்லுவிக்கின்றது என்பது அவர் கருத்து. வேலனும் தாயும் இன்றும் மாறவில்லை. தோழியைத்தான் காணோம்.

தோழி இல்லாதபோது நேர்வது என்ன? 2021ஆம் ஆண்டு பெப்ரவரி இறுதியில், கம்பகா மாவட்டத்துத் தெல்கொடையில், 9 வயதுச் சிறுமி ஒருத்தியைப் பேய் பிடித்தது என்று நம்பிய தாய் அவளைப் பேயோட்டும் பெண்ணிடம் அழைத்துச் சென்றாள். உடலில் எண்ணெய் பூசிப் பிரம்பினால் அடித்தனர். குழந்தை நினைவிழந்தாள், வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்டும் பிழைக்கவில்லை. தாயும் அப்பெண்ணும் கைது செய்யப்பட்டனர். தமிழ்நாட்டு ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் தீப்பற்றியபோது, மனநோயாளர் காப்பகம் ஒன்றிற் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தவர்கள் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். இவற்றை நம்பிக்கை என்றோ பண்பாடு என்றோ மூடி மறைத்தற்கு எனக்கு நா எழவில்லை. பிரம்பு எடுக்கப்பட்ட கணத்திலேயே அது சடங்கு என்னும் பெயரை இழந்துவிடுகின்றது.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நானே இருந்து கண்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. என்னிடம் படித்த மாணவன் ஒருவனின் அண்ணிக்குப் பேய் பிடித்தது என்று அழைத்திருந்தார்கள். பிள்ளை பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. குழந்தையைத் தூக்க மறுத்தாள், சோறு உண்ணவில்லை, சுவரைப் பார்த்துத் தனக்குள் பேசினாள். உடுக்கை முழங்கி ஒரு நாழிகை சென்றபின் பேய் வாய் திறந்தது. பெயர் கேட்டார், முன்னொரு காலத்திற் பிள்ளைப்பேற்றில் மாண்ட ஒருத்தியின் பெயர் வந்தது. கூட்டம் திகைத்தது. "என்னா வேணும் ஒனக்கு?" என்றார் கோடாங்கி. "ஒருநாளு படுத்துத் தூங்கணும்" என்றது பேய்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கோடாங்கியோ, "சேவல் தாரேன், போயிருவியா?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல இயலாது; அவருடைய முறைமையிலே தூக்கம் ஒரு பலிப்பொருள் அன்று. சேவல் அறுபட்டது. பெண் சோர்ந்து வீழ்ந்தாள். பேய் போயிற்று என்று எல்லாருங் கலைந்தனர்.

இரண்டு நாளில் மீண்டும் அதே நிலை. அம்முறை தோட்டத்து மருத்துவமாது வந்தார். அவர் பேயைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. உண்டென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. காம்பிராவின் உள்ளே போய், மாமியாரைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு, "தங்கச்சி, ராத்திரியில பிள்ளைக்கு எத்தனை தரம் எழும்புறீங்க? அடுப்பு மூட்டுறது யாரு?" என்று கேட்டார். அரைமணி நேரம் உள்ளே இருந்தார். வெளியே வந்து கணவனை அழைத்து, பிள்ளை பெற்ற பெண்ணுக்கு மனநோய் வருவதுண்டு என்றும், இரத்தமும் மிகக் குறைந்திருக்கின்றது என்றும், அன்றே பதுளைப் பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும் சொன்னார். மாமியார் முணுமுணுத்தார். மருத்துவமாது அசையவில்லை, முச்சக்கரவண்டி வரும்வரை வாயிலிலேயே நின்றார். சில வாரங்கழித்து அப்பெண் பிள்ளையோடு திரும்பி வந்தாள். மாமியார் இன்றும் சேவலினாலே தீர்ந்தது என்றுதான் சொல்வார். காமக்கண்ணியார் இருந்தால் அதற்கும் ஒரு செய்யுள் செய்திருப்பார்.

இனிப் படக்காரரிடம் திரும்பலாம். அவர் கையிலுள்ள கருவி வேலன் பக்கத்திலும் நிற்கலாம், தோழி பக்கத்திலும் நிற்கலாம். பிரீட்கின் நெடுகிலும் வேலன் பக்கத்திலேயே நின்றார். அப்பெண் கட்டிடக் கலை அறிந்தவள், நோயினால் தன் தொழிலைச் செய்ய முடியாமற் போனவள் என்னும் செய்தி விரைந்து கடந்துவிடுகின்றது, கதறல் நீள்கின்றது. மற்றொரு பக்கத்தில் நிற்றல் இயலாததன்று. நிலிதா வாச்சானி என்னும் பெண்மணி 1990இல் இராசத்தானத்துப் பேயோட்டுக் கோயிலொன்றைப் பற்றி எடுத்த படம், 'கல்லின் கண்கள்' என்று பொருள்படும் பெயருடையது. தேவியின் சந்நிதியில் தலைவிரித்து ஆடும் இளம் மனைவி ஒருத்தியை அவர் அங்கேயே விட்டுவிட்டு வரவில்லை. அவளோடு வீட்டுக்குப் போகின்றார். அவள் வேலை செய்வதையும் அவளைச் சூழ்ந்தோர் பேசுவதையும் பொறுமையோடு பார்க்கின்றார். பேய் உண்டா என்று படம் எங்கும் வாதாடவில்லை. பார்த்து முடித்தபின் நமக்கு அவளைத் தெரிந்திருக்கின்றது.

ஊவா மலைக்கும் என்றேனும் ஒரு படக்காரர் வருவார். வரட்டும். உடுக்கையையும் வேப்பிலையையும் அவர் பிடிக்காமல் விடமாட்டார். அவை கண்ணுக்கு விருந்து. ஆனால் இரவுக் கூட்டம் கலைந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட வேண்டா. விடியற்காலையிற் பெரட்டுக்குப் பெயர் கூப்பிடும்போதும் இருக்கட்டும். பேய் போய்விட்ட அப்பெண், முந்திய இரவெல்லாம் ஆடிய கால்களோடு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பனியில் மேட்டில் ஏறுவாள். கூடவே ஏறி, மூச்சு வாங்கும் இடத்தில் நின்று, அவள் பெயரைச் சொல்லி அழைத்து, நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாள் என்று கேட்கட்டும்.